முயலுக்கு எந்தத் துப்பாக்கி என்று கேட்பவர்களுக்கு: ஏர்கன் வாங்கும் முன்

அரூர், பென்னாகரம், தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஏர்கன், அதாவது காற்றழுத்தத்தில் சுடும் துப்பாக்கி, என்று பேச்செடுத்தாலே அடுத்த கேள்வி பெரும்பாலும் இதுதான்: "அண்ணா, முயல் கவுதாரிக்கு எது நல்லா இருக்கும்?" நேராகவே சொல்லிவிடுகிறேன், எதுவும் இல்லை. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி முயல், கவுதாரி, மயில், மான், காட்டுப்பன்றி எதையும் வேட்டையாடக் கூடாது. அது உங்கள் சொந்தக் கொல்லையில் வந்து நின்றாலும் இதே சட்டம்தான். சுட்டுக் கொன்றால்தான் குற்றம் என்றும் நினைக்காதீர்கள். சுட முயல்வது, கண்ணி வைப்பது, விரட்டுவது, இரை போட்டு வரவழைப்பது எல்லாமே சட்டத்தின் கண்ணில் வேட்டைதான். 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று இருக்கிறது. மயில் போல முதல் அட்டவணையில், அதாவது சட்டம் மிகக் கடுமையாகப் பாதுகாக்கும் பட்டியலில், உள்ளதைத் தொட்டால் குறைந்தபட்சமே 3 ஆண்டு.

காட்டுப்பன்றியால் கடலையும் ராகியும் போகிறதே, அதற்கு என்ன செய்வது என்று கேட்பவர்களின் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் அதற்கும் ஏர்கன் வழியல்ல. பன்றியின் தோலுக்கு முன்னால் ஏர்கனில் போடும் சின்ன ஈயக் குண்டு, அதாவது பெல்லட், ஒன்றுமே இல்லை, காயம்பட்ட பன்றி திரும்பி வந்தால் ஆளைக் கிழித்துவிடும். தமிழ்நாட்டில் 2025இல் அரசு எடுத்த முடிவுப்படியும், காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறைதான் சுடலாம், விவசாயி அல்ல. வனச்சரக அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள், பயிர்ச்சேதத்துக்கு இழப்பீடு கேளுங்கள். நம் மலைக் கிராமங்களில் பரணில் கிடக்கும் உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கியைக் கையில் எடுக்கவே வேண்டாம். ஆயுதச் சட்டத்திலும் சேர்த்து மாட்டிக்கொள்வீர்கள், அதோடு அது எப்போது கையிலேயே வெடிக்கும் என்று யாருக்கும் தெரியாது.

சரி, குறி பார்த்துச் சுடுவதில் ஆசை இருக்கிறது, தோப்பில் இடம் இருக்கிறது, அட்டையையும் டப்பாவையும் சுட்டுப் பழக வேண்டும் என்றால் அதற்கு நல்ல வழி இருக்கிறது. 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டர், அதாவது கடைக்காரர்கள் பாயிண்ட் 177 என்று சொல்லும் அளவு, வேகசக்தி, அதாவது குழலை விட்டுக் கிளம்பும்போது பெல்லட்டுக்கு இருக்கும் சக்தி, 20 ஜூலுக்கு மேல் போகாதது, இந்த இரண்டும் சரியாக இருந்தால் ஏர்கனுக்கு உரிமம் தேவையில்லை. இதில் ஒன்று மீறினாலும் உரிமம் வேண்டும். 18 வயது முடிந்திருக்க வேண்டும், கடையில் அடையாளச் சான்று கேட்பார்கள். ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். வழியில் காவலர் நிறுத்தினால் முதலில் கேட்பது அதைத்தான்.

வெளிநாட்டு வீடியோ பார்த்துவிட்டு "பாயிண்ட் 22 ஏர்கன் வேண்டும்" என்று அலைகிறவர்கள் நிறையப் பேர். அது 4.5 மில்லிமீட்டரைவிடப் பெரிய குழல், இங்கே உரிமம் வேண்டும். அங்கே முயல் வேட்டை சட்டப்படி நடப்பது, அவர்கள் கணக்கு அவர்களுக்கு. இங்கிலாந்தில்கூட சான்றிதழ் இல்லாமல் வைத்துக்கொள்ளும் ஏர் ரைஃபிளுக்குச் சுமார் 16 ஜூல்தான் உச்சவரம்பு. தோட்டா போடும் பாயிண்ட் 22 ரைஃபிள் முற்றிலும் வேறு சங்கதி, அதன் சக்தி ஏறக்குறைய 140 ஜூல், அதற்கு மாவட்ட ஆட்சியர் அலுவலகம் வழியாக உரிமம் எடுத்தாக வேண்டும். உரிமம் கிடைத்தாலும் அது துப்பாக்கிக்குத்தான், வேட்டைக்கு இல்லை.

வேகத்தைப் பார்த்து வாங்காதீர்கள் என்பதைத்தான் நான் அடித்துச் சொல்வேன். பெட்டி மேல் பெரிதாகப் போட்டிருக்கும் எண் பெரும்பாலும் மிக லேசான பெல்லட்டை வைத்து அளந்தது. அரை கிராம் பெல்லட் நொடிக்கு 200 மீட்டரில் போனால் 10 ஜூல், அதே பெல்லட் 280 மீட்டரில் போனால் 20 ஜூலைத் தொட்டுவிடும். ஒலிம்பிக் 10 மீட்டர் போட்டியில் சுடுகிறார்களே, 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியது அதில்தான், அந்த ரைஃபிள்கள் ஏழெட்டு ஜூல்தான் இருக்கும். அதை வைத்துக்கொண்டு அரை மில்லிமீட்டர் புள்ளியை அடிக்கிறார்கள். 10, 20 மீட்டரில் அட்டை சுட 10 முதல் 14 ஜூல் தாராளம். அதற்கு மேல் போகப் போக ஸ்பிரிங் கடினமாகும், உதறல் கூடும், குறி கலையும்.

முதல் துப்பாக்கிக்கு நான் சொல்வது குழலை மடக்கி ஸ்பிரிங்கை ஏற்றும் வகை. கம்ப்ரஸர் வேண்டாம், கேஸ் குப்பி வேண்டாம், சின்னப் பழுது என்றால் ஊரிலேயே பார்த்துவிடலாம். காற்றை முன்கூட்டியே அடைத்து வைக்கும் பி.சி.பி. வகையில் உதறலே இருக்காது, குறியும் அருமையாக வரும், ஆனால் 200 பார் அழுத்தத்துக்குக் காற்றடைக்கத் தனி பம்ப் வேண்டும், ஓ-ரிங் என்னும் ரப்பர் வளையம் போனால் காற்று கசியும், செலவும் பல மடங்கு. ஆசை நிலைக்குமா என்று தெரிந்த பிறகு அதற்குப் போகலாம். இந்தியாவிலேயே பிரெசிஹோல், எஸ்.டி.பி. போன்றவர்கள் 4.5 மில்லிமீட்டரில் தயாரிக்கிறார்கள், உதிரி பாகம் கிடைக்குமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கடையில் என்ன பார்க்க வேண்டும் என்பதுதான் முக்கியம், அவசரப்படாதீர்கள். முதலில் துப்பாக்கிக் கட்டையின் பின்பகுதியை முழங்கை மடிப்பில் வைத்துக்கொண்டு விரலை நீட்டுங்கள், ஆள்காட்டி விரலின் முதல் கணு ட்ரிகரில் வசதியாகப் படிந்தால் நீளம் சரி. தோளில் வைத்து, கண்ணை மூடி, கன்னத்தைச் சாய்த்து, பிறகு கண்ணைத் திறந்தால் குழல் மேல் குறி பார்க்க வைத்திருக்கும் குறிமுள் நேராகத் தெரிய வேண்டும், கழுத்தை நீட்டித் தேட வேண்டியிருந்தால் அந்தத் துப்பாக்கி உங்களுக்கு இல்லை. அப்புறம் குழலை மடக்கித் திரும்ப மூடுங்கள். டக்கென்று உட்கார வேண்டும். மூடிய பிறகு கட்டையை ஒரு கையால் இறுக்கிப் பிடித்து, குழல் நுனியை இடவலமாக லேசாக ஆட்டிப் பாருங்கள். துளி ஆட்டம் இருந்தாலும் வேண்டாம், ஒவ்வொரு குண்டும் ஒவ்வொரு இடத்தில் போகும். மடக்கும்போது எவ்வளவு பலம் வேண்டியிருக்கிறது என்றும் கவனியுங்கள். ஒரு முறை மடக்குவது யாருக்கும் சுலபம், ஒரு காலையில் ஐம்பது முறை மடக்கிய பிறகு கை நடுங்கினால் பயிற்சியே இல்லை.

கடைக்காரர் சுட்டுப் பார்க்க விட்டால் இன்னொரு சோதனை. குழலும் உடலும் சேரும் இணைப்பின் மேல் டிஷ்யூ தாளில் ஒரு கீற்றைக் கிழித்து வையுங்கள், பெல்லட் போட்டுச் சுடுங்கள். தாள் அசையாமல் கிடந்தால் சீல் நன்றாக இருக்கிறது, பறந்து போனால் காற்று அங்கேயே கசிகிறது. பெல்லட் இல்லாமல் வெறுமனே சுட்டுக் காட்டுகிற கடையில் டிஸ்ப்ளே துப்பாக்கியை வாங்காதீர்கள். முன்னால் அடைப்பு இல்லாமல் பிஸ்டன் போய் மோதி மோதி ஸ்பிரிங்கும் சீலும் வீணாகியிருக்கும்.

பெல்லட்டில் கஞ்சத்தனம் கூடாது. நாலைந்து வகையில் ஒவ்வொரு டப்பா வாங்கி, ஒவ்வொன்றிலும் ஐந்து குண்டு 10 மீட்டரில் சுட்டுப் பாருங்கள். ஐந்து ஓட்டையும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் மறைந்தால் அதுதான் உங்கள் குழலுக்குப் பிடித்த பெல்லட். அட்டைக்குத் தட்டை மூக்கு நல்லது, ஓட்டை சுத்தமாக விழும்; 20 மீட்டர் தாண்டினால் உருண்டை மூக்கு.

ஸ்கோப், அதாவது குறி பார்க்க மேலே பூட்டும் தொலைநோக்கி, உடனே வேண்டாம். குறிமுள்ளில் பழகுங்கள். வாங்குவதானால் ஏர்கனுக்கென்றே செய்ததைக் கேளுங்கள், ஸ்பிரிங் துப்பாக்கி பின்னாலும் உதைக்கும் முன்னாலும் இழுக்கும், சாதாரண ஸ்கோப் அதில் சீக்கிரம் உடைந்துவிடும். இதே காரணத்தால் ஸ்பிரிங் ஏர்கனை இறுக்கிப் பிடிக்கவும் கூடாது. விரித்த உள்ளங்கையில் முன்கட்டையைத் தூக்கணாங்குருவிக் கூட்டை ஏந்துவது போல வைத்துக்கொண்டு, அது இஷ்டப்படி உதற விடுங்கள். குண்டுகள் ஒரே இடத்தில் சேர்வதை அன்றைக்கே பார்ப்பீர்கள்.

எங்கே சுடுவது என்பது நம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் தனிக் கவனம் எடுக்க வேண்டிய விஷயம். கிருஷ்ணகிரிப் பக்கம் எங்கே திரும்பினாலும் கருங்கல். பாறையைப் பின்னணியாக வைத்துச் சுடவே சுடாதீர்கள், பெல்லட் திரும்பி வந்து கண்ணைக் குத்தும். மணல் நிரப்பிய மூட்டைகளை இரண்டடுக்காக அடுக்கி அதன் முன் அட்டையை நிறுத்துங்கள், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். குறி தவறிய பெல்லட் 300 மீட்டர் வரைகூடப் போகும், தோப்புக்கு அந்தப் பக்கம் மாடு மேய்ப்பவர் இருக்கிறாரா என்று பார்க்காமல் ஒரு குண்டும் போடக் கூடாது. அஞ்செட்டி, ஒகேனக்கல் பக்கம் போகும்போது ஏர்கனை வண்டியில் எடுத்துப் போகவே போகாதீர்கள். காவேரி வடக்கு, காவேரி தெற்கு என்று இரண்டு சரணாலயங்கள் அங்கே இருக்கின்றன, அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழைவதே தனிக் குற்றம். பெல்லட் ஈயம் என்பதால் சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் சாப்பாடு.

வீட்டில் பிள்ளைக்குக் கை நன்றாக வருகிறது என்றால் அடுத்த ஏர்கனை நீங்களே வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் துப்பாக்கி சுடும் உலகக் கோப்பையில் தங்கம் வென்ற 10 மீட்டர் பிரிவுக்கான ரைஃபிளே வேறு, கட்டையின் கன்னப்பகுதி முதல் ட்ரிகரின் எடை வரை ஆளுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளும்படி செய்திருப்பார்கள். சேலத்திலோ பெங்களூருவிலோ பயிற்சி கொடுக்கும் இடம் விசாரித்துக் கூட்டிப் போங்கள், அங்கே இருக்கும் துப்பாக்கியில் சில மாதம் சுடட்டும், என்ன வாங்குவது என்று பயிற்சியாளரே சொல்வார்.