பச்சைக் கோடா, கறுப்புக் கோடா? ஈடேல் முதல் ஹோப் வரை ஒரு நாள் நடை

இங்கிலாந்தின் டார்பிஷர் கிராமங்களில் முதல் தடவை நடக்கப் போனபோது, ஏதோ ஒரு பண்ணை வீட்டின் முற்றத்தில் போய் நின்றேன். துணி உலர்த்திக்கொண்டிருந்த அம்மாள் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, வந்த வழியே திரும்பிப் போகச் சொன்னார். கையில் வரைபடம் இருந்தது. அதைப் படிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். இந்தப் பதிவில் பாதி அந்த ஒரு தவறைப் பற்றித்தான்.

நான் சொல்லப்போகும் வழிக்குக் கார் வேண்டாம். ஈடேல் ஸ்டேஷனில் இறங்கி, ஹாலின்ஸ் கிராஸ் மேட்டில் ஏறி, மாம் டோர் உச்சியைத் தொட்டுத் திரும்பி, முகட்டின் மேலேயே லூஸ் ஹில் வரை போய், ஹோப் கிராமத்தில் இறங்க வேண்டும். எல்லாம் சேர்த்துச் சுமார் 11 கிலோமீட்டர். இரண்டு ஸ்டேஷன்களும் ஷெஃபீல்டு – மான்செஸ்டர் பாதையிலேயே இருக்கின்றன.

1. முதலில் திரும்பும் ரயில்

போகும் ரயிலை எல்லோரும் பார்ப்பார்கள். திரும்பும் ரயிலின் நேரத்தைக் காகிதத்தில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். விரைவு ரயில்கள் பெரும்பாலும் இந்தச் சின்ன ஸ்டேஷன்களில் நிற்காது. ஈடேல் பள்ளத்தாக்கில் போன் சிக்னலை நம்பவும் முடியாது.

2. வரைபடம் (நான் சறுக்கிய இடம்)

பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனமான ஆர்டனன்ஸ் சர்வேயின் எக்ஸ்ப்ளோரர் வரிசையில் ஓ.எல்.1, டார்க் பீக் தாளை வாங்குங்கள். 1:25,000 அளவு, ஆரஞ்சு அட்டை. அதே நிறுவனத்தின் ரோஸ் அட்டை போட்ட லேண்ட்ரேஞ்சர் தாள் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். அதன் 1:50,000 அளவில் வயல் வேலிகளும் மதில்களும் தெரியாது. முதல்முறை போகிறவர்களுக்கு அவைதான் அடையாளம்.

இப்போது கோடுகள். தாளில் பச்சையில் விட்டுவிட்டுப் போகும் கோடுகள் இருக்கும், கறுப்பிலும் இருக்கும். எனக்கு அன்று இரண்டும் "பாதை"தான். கறுப்பு பளிச்சென்று இருந்ததால் அதைப் பிடித்துப் போனேன்.

கறுப்புக் கோடு என்றால் தரையில் தடம் இருக்கிறது என்று மட்டும் அர்த்தம். அதில் நடக்க உங்களுக்கு உரிமை உண்டா என்று அது சொல்லாது. பச்சைக் கோடு நேர் எதிர்: நடக்கும் உரிமை உண்டு, ஆனால் தரையில் தடம் இருந்தே தீரும் என்று இல்லை. பச்சைக் கோடு சொல்லும் இடத்தில் வெறும் புல்வெளியும் நாலு ஆடும்தான் இருக்கலாம். தயங்காமல் குறுக்கே நடக்கலாம். பச்சையில் குட்டிக் கோடுகள் நடப்பவர்களுக்கு மட்டும். நீளக் கோடுகள் குதிரைக்கும் சைக்கிளுக்கும் சேர்த்து. களத்தில் இதே விஷயம் அம்புக்குறியாக வரும்: மஞ்சள் நடைபாதை, நீலம் குதிரைப்பாதை. இன்னொரு பொறி: கறுப்புப் புள்ளிகளாகவே போகும் கோடு ஊர் எல்லை. அதைப் பாதை என்று நினைத்து மதிலில் முட்டிக்கொண்டவர்கள் உண்டு.

இந்த உரிமை சும்மா வந்ததில்லை. பாதையில் எதிரே தெரியும் கிண்டர் மலையில், 1932 ஏப்ரல் 24 அன்று, தடையை மீறிக் கூட்டமாக நடந்தார்கள்; அங்கே நடந்த கைகலப்பைக் காட்டி ஐந்து பேரைப் பிறகு சிறைக்கு அனுப்பினார்கள். தேசியப் பூங்காக்களுக்கும் கிராமப்புற நடைக்கும் வழி செய்த 1949 சட்டத்துக்குப் பிறகுதான் பொதுப் பாதைகளை முறையாகப் பதிந்து வைக்கும் வேலை தொடங்கியது. 1951இல் பீக் டிஸ்ட்ரிக்ட் என்னும் இந்தப் பகுதியே நாட்டின் முதல் தேசியப் பூங்கா ஆனது.

செயலி வேண்டாமா என்று கேட்பீர்கள். வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் வீட்டிலேயே தரவிறக்கிவிடுங்கள். குளிரில் பேட்டரி இறங்கும் வேகத்தைப் பார்த்த பிறகு எனக்குத் தாள்தான் முதல்.

3. நேரக் கணக்கு

1892இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன கணக்கு இன்னும் உதவுகிறது: 5 கிலோமீட்டருக்கு 1 மணி, 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு 1 மணி. நம் வழிக்கு 3 மணி நேரத்தை ஒட்டி வரும். சாப்பாடு, போட்டோ, மூச்சு வாங்கல் எல்லாம் சேர்த்து நான் ஐந்து மணி வைக்கிறேன். டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், காலையிலேயே கிளம்புங்கள்.

4. நடை

ஸ்டேஷனிலிருந்து சாலைக்கு இறங்கி, நோ ஆற்றைக் கடந்து தெற்கே ஏறுங்கள். (ஆமாம், ஆற்றின் பெயரே நோ.) ஈடேலில் தேவாலயம் இல்லாத காலத்தில் பிணத்தைச் சுமந்துகொண்டு இதே மேட்டைத் தாண்டித்தான் அந்தப் பக்கத்து ஊரான காசில்டனுக்குப் போயிருக்கிறார்கள். வெறுங்கையோடு ஏறும்போதே எனக்கு இரண்டு இடத்தில் நிற்க வேண்டியிருந்தது.

வழியில் கல் மதில்களில் ஓர் இடுக்கு வரும். நட்டுவைத்த இரண்டு கற்களுக்கு நடுவே ஒரு கால் மட்டும் நுழையும். ஆடு புகாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. முதுகில் பையோடு பக்கவாட்டில் நுழைந்தால் சிக்கிக்கொள்வீர்கள். பையைக் கழற்றி அந்தப் பக்கம் வைத்துவிட்டு அப்புறம் நுழையுங்கள். ஒரு வயலுக்குள் போனதும், எதிர் மதிலில் அடுத்த இடுக்கு எங்கே என்று கண்ணால் தேடிவிட்டுத்தான் நான் காலை எடுத்து வைப்பேன்.

மேட்டில் நின்றால் வலப்பக்கம் மாம் டோர், 517 மீட்டர். மண் சரிந்துகொண்டே இருக்கும் மலை. அதன் சரிவில் போன ஏ625 சாலையை 1979இல் மூடியே விட்டார்கள். இடப்பக்கம் லூஸ் ஹில், 476 மீட்டர். முகட்டில் பெரும்பகுதி கல் பாவியிருப்பதால் வழி தவறாது. காற்றுதான் பிரச்சினை, குடை கொண்டு போகாதீர்கள், திருப்பிவிடும். ஜீன்ஸும் வேண்டாம், நனைந்தால் காயாது.

ஹோப் ஸ்டேஷன் ஊருக்குள் இல்லை, கால் மணி நேரம் தள்ளி இருக்கிறது. இதைக் கணக்கில் சேர்க்காமல் ஒரு ரயிலைக் கண்ணெதிரே விட்டேன்.

பிற்சேர்க்கை 1: படித்த ஒருவர் மாடுகளைப் பற்றிக் கேட்டிருந்தார். கன்று இருந்தால் தாய்க்கும் கன்றுக்கும் நடுவே போகாதீர்கள், வயலின் ஓரமாகச் சுற்றிப் போங்கள். நாயோடு போகும்போது மாடு துரத்தினால் கயிற்றை விட்டுவிடுங்கள். நாய் ஓடித் தப்பிக்கும்.

பிற்சேர்க்கை 2: "கேட்டை எப்போதும் சாத்துங்கள்" என்று முதலில் எழுதியிருந்தேன், தவறு. ஒரு வாசகர் அதை நம்பி, திறந்து கட்டி வைத்திருந்த கேட்டைச் சாத்திவிட்டு வந்திருக்கிறார். ஆடுகள் தண்ணீருக்குப் போகத்தான் அதைத் திறந்து வைத்திருந்தார்களாம். திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி விட்டுவிட்டு வாருங்கள்.