முட்டி ஜவ்வு கிழிந்தால்: மடக்குவதற்கு முன் நீட்ட வேண்டும்

கபடியில் பிடிபட்டு உடம்பு ஒரு பக்கம் போக, ஊன்றிய கால் அங்கேயே நிற்கும். ஷட்டிலில் பின்னால் எம்பி அடித்து இறங்கும்போது முட்டி உள்பக்கமாகச் சாயும். ‘டப்’ என்று ஒரு சத்தம் கேட்டு, இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் முட்டி புஸ்ஸென்று வீங்கினால், ஏசிஎல் எனப்படும் முன் சிலுவை ஜவ்வு கிழிந்திருக்க வாய்ப்பு அதிகம். அவ்வளவு வேகமாக வரும் வீக்கம் பெரும்பாலும் நீர் அல்ல, மூட்டுக்குள் கசிந்த ரத்தம்.

முதல் தவறு அன்று மாலையே நடந்துவிடும். ‘சுளுக்குதான்’ என்று எண்ணெய் போட்டு உருவிவிடுவார்கள். ரத்தம் கசிந்துகொண்டிருக்கும் மூட்டைத் தேய்த்தால் வீக்கம் கூடும். இழுத்துத் திருகினால் உள்ளே தப்பித்திருந்த மெனிஸ்கஸுக்கும் (எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல இருக்கும் பிறை வடிவ ஜவ்வு) ஆபத்து. துணியில் சுற்றிய ஐஸ் ஒரு தடவைக்கு 15 நிமிடம், கிரேப் பேண்டேஜ், காலை உயர்த்தி வைப்பது: முதல் இரண்டு மூன்று நாளைக்கு இது போதும். மறுநாள் எக்ஸ்ரே எடுத்து, ‘எலும்பு நல்லா இருக்கு’ என்றதும் வீடு திரும்பிவிடுவது அடுத்த தவறு. எக்ஸ்ரேயில் ஜவ்வு தெரியாது. முட்டியைக் கையால் அசைத்துப் பரிசோதிக்கும் எலும்பு மருத்துவரைப் பார்க்க வேண்டும்; அவர் சொன்னால் எம்ஆர்ஐ.

எந்த ஜவ்வு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எலும்போடு எலும்பைக் கட்டும் லிகமென்ட், நடுவே இருக்கும் மெனிஸ்கஸ், எலும்பு முனையின் வழுவழுப்பான உறையான கார்டிலேஜ் மூன்றையுமே நாம் ‘ஜவ்வு’ என்றுதான் சொல்கிறோம். ‘எனக்கும் ஜவ்வுதான், ஆபரேஷன் இல்லாமலே சரியாச்சு’ என்கிற பக்கத்து வீட்டுக்காரருக்குக் கிழிந்தது முட்டியின் உள்பக்க லிகமென்டான எம்சிஎல்லாக இருந்திருக்கலாம். அது பிரேஸ் போட்டாலே பெரும்பாலும் கூடிவிடும். முழுதாக அறுந்த ஏசிஎல்லை அப்படி நம்பியிருக்க முடியாது.

அதற்காக ஏசிஎல் என்றாலே ஆபரேஷன் என்றும் இல்லை. ஸ்வீடனில் 121 பேரை வைத்து நடத்தி 2010-ல் வெளியான ஆய்வில், பயிற்சியோடு மட்டும் ஆரம்பித்தவர்களில் இரண்டு ஆண்டுக்குள் ஆபரேஷனுக்குப் போனவர்கள் பத்தில் நான்கு பேர்தான். இவர்கள், ஆரம்பத்திலேயே ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் என இரு தரப்பின் முட்டியும் இரண்டு ஆண்டு முடிவில் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தது. ஆனால் திரும்பும்போதெல்லாம் முட்டி நழுவுகிறது என்றால் தள்ளிப்போடக் கூடாது. ஒவ்வொரு நழுவலிலும் மெனிஸ்கஸ் நசுங்கலாம். கடையில் வாங்கும் எலாஸ்டிக் நீ-கேப் அந்த நழுவலைத் தடுக்காது.

ஆபரேஷன் என்று முடிவானாலும், வீங்கி விறைத்த முட்டியோடு அவசரமாகப் போய்ப் படுப்பது தவறு. மெனிஸ்கஸ் மடிந்து மாட்டிக்கொண்டு முட்டி பூட்டினால் அது வேறு விஷயம், அங்கே அவசரம் உண்டு. மற்றபடி வீக்கம் வடிந்து, கால் முழுதாக நீண்டு, நொண்டாமல் நடக்கத் தொடங்கியபின் செய்தால் பின்னால் முட்டி விறைத்துப்போகும் வாய்ப்பு குறையும்.

ஆபரேஷன் முடிந்தவரைப் பார்க்க வருகிற எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: ‘காலை மடக்க முடியுதா?’ தரையில் உட்கார்ந்து பழகிய ஊரில் அந்தக் கவலை நியாயம்தான். ஆனால் முதல் சில வாரங்களில் கேட்க வேண்டியது, ‘நீட்ட முடியுதா?’ மடக்கம் கொஞ்சம் தாமதமாக வந்தாலும் பிடித்துவிடலாம். நீட்டம் போனால் மீட்பது கடினம். முட்டி சற்று மடங்கியே இருந்தால் நடை நொண்டும், தொடையின் முன்தசை இறுகாது, நாளாக ஆக முட்டிச் சில்லுக்குப் பின்னால் வலிக்கும். அறுந்ததற்குப் பதிலாக ஆபரேஷனில் வைத்த புதிய ஜவ்வுக்கு முன்னால் தழும்புச் சதை கட்டியாகத் திரண்டு நீட்டத்தை மறித்தால், அதை எடுக்க மறுபடி துளை போட வேண்டி வரலாம்.

நீட்டம் போவதற்கு ஒரு காரணம் தலையணை. முட்டிக்கு அடியில் தலையணை வைத்தால் சுகமாக இருக்கும். இரவெல்லாம் முட்டி மடங்கியே கிடக்கும். தலையணையை எடுத்துவிட்டு, சுருட்டிய டவலைக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள். முட்டி அந்தரத்தில் தொங்கித் தன் எடையிலேயே கீழிறங்கும். 10 நிமிடம் வீதம் ஒரு நாளைக்கு நான்கைந்து தடவை. பிறகு முட்டியின் பின்பக்கத்தை மெத்தையில் அழுத்தி, தொடையை இறுக்கி, ஐந்து எண்ணும்வரை பிடித்து விடுங்கள். பத்துப் பத்தாக மூன்று முறை. அளந்து பார்க்கவும் வழி இருக்கிறது. குப்புறப் படுத்து, முட்டிக்குக் கீழே இரு கால்களும் கட்டில் விளிம்புக்கு வெளியே நீளும்படி விட்டால், நீளாத காலின் குதிகால் உயர்ந்து நிற்கும். ஒரு செ.மீ. உயரம் என்றால் ஏறக்குறைய ஒரு டிகிரி குறை.

ஊன்றுகோலைச் சீக்கிரம் எறிந்துவிடுவதும் இதே கணக்கில் சேரும். நொண்டி நடந்தால் உடம்பு நொண்டியையே பழகிக்கொள்ளும். ஒற்றைக் கோலாகக் குறைக்கும்போது அதை எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். வலது முட்டி என்றால் இடது கை. மாடிப்படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில்.

இந்தியன் டாய்லெட், சம்மணம், ஸ்கூட்டரை நிறுத்தும்போது சட்டென்று கால் ஊன்றுவது: இவற்றுக்கு மருத்துவர் தேதி சொல்லும்வரை பொறுக்க வேண்டும். மெனிஸ்கஸையும் தைத்திருந்தால் பொறுமை இன்னும் கூடுதலாக வேண்டும்; பாரம் தாங்கி 90 டிகிரிக்கு மேல் மடக்கினால் தையல் விட்டுப்போகலாம். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, காய்ச்சலோடு முட்டி சிவந்து சுட்டாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். ரத்த உறைவாகவோ மூட்டுக்குள் கிருமித் தொற்றாகவோ இருக்கலாம்.

‘பத்து சிட்டிங் பிசியோ முடிச்சாச்சு’ என்பார்கள். விசாரித்தால் பாதி நேரம் கரண்ட் வைத்துப் படுத்திருந்ததாக இருக்கும். கரண்ட் வலியைத் தணிக்கலாம். அது மட்டும் சூம்பிய தொடையைத் தேற்றாது. தொடை தேற எடை தூக்க வேண்டும், அதுவும் வாரக்கணக்கில் அல்ல, மாதக்கணக்கில். அளவு கூடிவிட்டதா என்பதை மறுநாள் காலை முட்டியே சொல்லும்: முந்தைய நாளைவிட வீங்கியிருந்தால் எடையைக் குறையுங்கள்.

ஆபத்தான கட்டம் இரண்டாவது மாதத்தில் தொடங்குகிறது. வலி போய்விட்டது, நடை சரியாகிவிட்டது, ஜிம்முக்கும் டர்ஃபுக்கும் மனசு இழுக்கும். உள்ளேயோ நிலைமை நேர்மாறு. உடம்பின் வேறிடத்திலிருந்து எடுத்து வைத்த நார், ரத்த ஓட்டம் புதிதாகப் பிடித்து ஜவ்வாக மாறிக்கொண்டிருக்கும் அந்த 6 முதல் 12 வாரக் காலத்தில்தான் மிகவும் தளர்ந்திருக்கும். உட்கார்ந்தபடி காலை நீட்டி எடை தூக்கும் லெக் எக்ஸ்டென்ஷன் மெஷினில் அதிக எடை போட்டுக் கடைசிவரை நீட்டுவது புதிய ஜவ்வை இழுக்கும் வேலை. அதைத் தொடங்கும் நாளையும் கோணத்தையும் பிசியோதெரபிஸ்ட் சொல்லட்டும். பின்தொடையிலிருந்து நார் எடுத்திருந்தால், முதல் சில வாரங்களில் ஷூ லேஸ் கட்ட வேகமாகக் குனிந்தாலே பின்னால் ‘பொட்’டென்று சுண்டலாம்.

ஆட்டத்துக்குத் திரும்ப 9 மாதமாவது ஆக வேண்டும். ஆபரேஷன் முடிந்தவர்களைப் பின்தொடர்ந்த டெலவேர்–ஓஸ்லோ ஆய்வு 2016-ல் காட்டியது இது: 9 மாதம்வரை, தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்துக்கும் முட்டி மறுபடி அடிபடும் விகிதம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. காலண்டர் மட்டும் போதாது. தொடை பலத்திலும், ஒற்றைக் காலில் தாண்டும் தூரத்திலும் அடிபட்ட கால் நல்ல காலின் 90 சதவீதத்தையாவது எட்ட வேண்டும். ஒன்பது மாதம் ஓடாமல் நல்ல காலும் சேர்ந்து இளைத்திருந்தால் இந்த 90 ஏமாற்றிவிடும். அதனால் நல்ல காலின் பலத்தை ஆபரேஷனுக்கு முன்பே அளந்து எழுதி வைத்து, அந்த எண்ணோடு ஒப்பிடுங்கள்.