பழைய நாவலை ஒலிநாடகமாக்கப் போகிறீர்களா? முதலில் உரக்க வாசியுங்கள்

பழைய நாவல் ஒன்றை ஒலிநாடகமாகவோ குறும்படமாகவோ செய்ய ஆசை வந்தால் உடனே எழுத உட்காராதீர்கள். முதல் இரண்டு அத்தியாயங்களை வாய்விட்டு வாசியுங்கள். அப்போதுதான் எந்த வரியைப் பாத்திரம் பேசுகிறது, எந்த வரியில் எழுத்தாளர் நம்மோடு கதைக்கிறார் என்று பிரியும். அந்தக் கதைசொல்லியின் குரலை என்ன செய்யப்போகிறோம் என்பதில்தான் வேலை முழுவதும் இருக்கிறது.

'பொன்னியின் செல்வ'னை எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்திலேயே கல்கி நேயர்களைத் தன்னோடு பயணம் வரச்சொல்லி அழைக்கிறார். ஒலியில் அந்தக் குரலை அப்படியே வைத்துக்கொள்ளலாம், வானொலியும் நம்மை நேயர்கள் என்றுதானே கூப்பிடுகிறது! 1950 முதல் 1954 வரை பத்திரிகைத் தொடராக வந்த கதை என்பதால் அத்தியாயங்கள் ஆவலைத் தூண்டும் இடத்தில் முடியும், பாகம் பிரிக்கவும் சுலபம். ஆனால் 2022இல் மணிரத்னத்தின் முதல் படம் வந்தபோது, கமல்ஹாசன் குரலில் ஒரு முன்கதை, அதோடு சரி. மிச்சத்தை நடிகர்கள்தான் சுமந்தார்கள்.

திரைக்கு எழுதுகிறவர் கதைசொல்லியின் ஒவ்வொரு வரிக்கும் ஒரு செயலைக் கண்டுபிடிக்க வேண்டும். 'அவளுக்கு அண்ணன்மேல் வெறுப்பு வளர்ந்தது' என்று நாவலில் இருந்தால், அவள் சோற்றைப் போட்டுவிட்டு அவன் வாய் திறப்பதற்குள் குசினிக்குப் போய்விடட்டும், போதும். சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்கவின் 'கம்பெரலிய' நாவலை 1963இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் படமாக்கியபோது ஸ்டூடியோவை விட்டு வெளியே வந்து எடுத்தார். பெரிய குடும்பம் ஒன்று மெல்லச் சரிவதைச் சொல்ல அந்த வீடே போதுமாக இருக்கிறது. எழுதத் தொடங்கும் எல்லோரும் அதை ஒருமுறையாவது பார்க்க வேண்டும்.

ஒலிக்கு வேறு கணக்கு. நிமிடத்துக்கு 100 சொல் என்று நிதானமாக வாசித்தால் 60,000 சொல் நாவல் 10 மணித்தியாலம் ஓடும், அதனால் எதை விடுவது என்று முதலே முடிவுசெய்யுங்கள். ஒரு காட்சியில் மூன்று பேருக்குமேல் வேண்டாம், ஒரே வயது ஆண் குரல்கள் இரண்டு இருந்தால் யார் பேசுவது என்றே தெரியாது, தொடக்கத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட வையுங்கள். யாழ்ப்பாணப் பேச்சில் எழுதிய உரையாடலைத் தயவுசெய்து பொதுத்தமிழாக்காதீர்கள். கொழும்பில் வளர்ந்த பிள்ளைகள் நடிப்பதென்றால், ஒத்திகையை அம்மம்மாவுக்குப் போட்டுக்காட்டித் திருத்துங்கள்.

கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் வீடென்றால் ரயில் சத்தம் ஒலிப்பதிவில் விழும். கடைசி ரயில் போனபிறகு, ஃபேனை நிறுத்தி, உடுப்பு அலுமாரி இருக்கிற சின்ன அறையில் பதிவுசெய்யுங்கள், துணிகள் எதிரொலியை உறிஞ்சிக்கொள்ளும்.

அப்புறம் பதிப்புரிமை. பழைய நாவல்தானே என்று நினைக்க வேண்டாம். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டப்படி எழுத்தாளர் இறந்து 70 ஆண்டுகள்வரை உரிமை இருக்கிறது. நம் நாட்டுக் காட்டுக்கிராமத்தைப் பற்றி ஆங்கில எழுத்தாளர் லெனார்ட் வுல்ஃப் எழுதிய நாவல் வந்தது 1913இல், ஆனால் அவர் இறந்தது 1969இல், ஆகவே அது 2039 முடியும்வரை இங்கே யாரும் அனுமதியில்லாமல் எடுத்தாள முடியாது. எழுத்தாளரின் குடும்பத்துக்கோ பதிப்பாளருக்கோ முதலில் கடிதம் போடுங்கள், எழுத்தில் சம்மதம் வரும்வரை ஒலிப்பதிவுக்கு நாள் குறிக்காதீர்கள்.