ஆசியாக்காரனுக்கு ஜனநாயகம் ஒத்து வருமான்னு பெரியவங்க கேட்டா எப்படி பேசுறது

பர்மாவுல, ரங்கூன்ல நம்ம தமிழாளுங்க நாலு பேரு டீக்கடையில உக்காந்தா இந்தப் பேச்சு எப்படியாவது வந்துடுது. ஒரு பெரியப்பா ஆரம்பிப்பார், "சிங்கப்பூரப் பாருடா, ஒரே ஆளு கையில ஆட்சி, எப்படி முன்னேறிருக்கு, நமக்கெல்லாம் ஓட்டு கட்சின்னா அடிதடில தான் போய் முடியும்"னு. எதிர்ல இருக்குற சின்னப் பசங்க ஒண்ணு கத்துவாங்க, இல்லேன்னா போனை நோண்டிக்கிட்டு பேசாம இருந்துடுவாங்க. ரெண்டுமே எனக்குப் பிடிக்கல. நம்ம பொழப்பையே பொரட்டிப் போட்ட விஷயம் இது, பேசத் தெரிஞ்சிருக்கணும்.

மொதல்ல இடம் பாருங்க. 2021 பிப்ரவரி 1ல பட்டாளம் ஆட்சியப் புடிச்சதுக்கு அப்புறம் பக்கத்து மேசையில யாரு உக்காந்திருக்காங்கன்னு சொல்ல முடியாது, ரோட்டுல நிறுத்தி போனை வாங்கிப் பாக்குறாங்க, அதனால வீட்டுக்குள்ள, தெரிஞ்சவங்க நடுவுல மட்டும் பேசுங்க. தைரியம் காட்டுறதுக்கான இடம் டீக்கடை இல்ல.

அடுத்தது, வாதம் பண்றதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேளுங்க. "பெரியப்பா, ஜனநாயகம்னு நீங்க எதைச் சொல்றீங்க?" பாதிப் பேரு ஓட்டுப்பெட்டியத்தான் சொல்வாங்க. நம்ம நாட்டுல ஓட்டுப்பெட்டி நெறைய தடவ வந்திருக்கு. 2008 மே மாசம் நர்கிஸ் புயல்ல ஒரு லட்சத்துக்கும் மேல ஜனங்க செத்தும் காணாமலும் போனாங்க, தண்ணி வடியிறதுக்குள்ள மே 10ஆம் தேதி புது அரசியல் சட்டத்துக்கு ஓட்டுப் போடச் சொன்னாங்க, 92 சதவீதத்துக்கு மேல ஆதரவுன்னு அறிவிச்சாங்க. அந்தச் சட்டத்துல நாடாளுமன்றத்துல நாலுல ஒரு பங்கு சீட்டு பட்டாளத்துக்கு, முக்கியமான பகுதியத் திருத்தணும்னா 75 சதவீதத்துக்கு மேல வேணும், அப்படின்னா அவங்க தலையாட்டாம ஒரு வரியும் மாறாது. இதுக்குப் பேரு ஜனநாயகம்னா பெரியப்பா சொல்றது சரிதான், எனக்கும் வேணாம்.

நான் சொல்றது வேற. ஆள்றவர சண்டையில்லாம எறக்க முடியணும், அவர் செஞ்சது தப்புன்னு பேப்பர்ல எழுத முடியணும், கோர்ட்டு அவர் மொகத்தப் பாக்காம தீர்ப்பு சொல்லணும். இது வெள்ளக்காரன் சரக்குன்னு சொன்னா கோயில் கமிட்டிய எடுத்துக்காட்டுங்க. உண்டியல் கணக்கு கேக்கக்கூடாது, தலைவர மாத்தவும் கூடாதுன்னா பெரியப்பா ஒரு வருஷம் பொறுப்பாரா? திருவிழா முடியிறதுக்குள்ளயே கேட்டுடுவார்.

இப்ப சிங்கப்பூருக்கு வருவோம், இங்கதான் நெறைய பேரு தடுமாறிப் போறாங்க. லீ குவான் யூ 1959லேர்ந்து 1990 வரைக்கும் பிரதமர். நம்ம நாட்ட ஆண்ட பட்டாளத் தலைவர் நே வின் 1962லேர்ந்து 1988 வரைக்கும். ரெண்டு பேருமே கெட்டியான ஆளுங்க, கிட்டத்தட்ட ஒரே காலம், ரெண்டு பக்கமும் ஆசியாக்காரங்கதான். கெட்டியான கை தான் மருந்துன்னா ரெண்டு ஊருக்கும் கொணமாயிருக்கணுமே. அங்க லஞ்ச ஒழிப்பு ஆபீஸ் 1952லயே வந்துடுச்சு, 1960லேர்ந்து வீட்டு வாரியம் வரிசையா வீடு கட்டுச்சு, தொறைமுகத்தத் தொறந்து வச்சாங்க, வியாபார ஒப்பந்தத்த கோர்ட்டு காப்பாத்துச்சு, தேர்தலும் தவறாம நடந்துச்சு. எதிர்க்கட்சிக்காரங்கள ரொம்ப நெருக்குனாங்க, விசாரணை இல்லாம வருஷக்கணக்கா ஜெயில்ல வச்சாங்க, அதையும் மறைக்காம சொல்லுங்க. ஆனா வீடு கட்டுறதுக்கும் லஞ்சத்த ஒழிக்கிறதுக்கும் ஒருத்தன ஜெயில்ல வைக்கணும்னு என்ன இருக்கு? இங்க என்ன நடந்துச்சுன்னா 1963, 64ல பேங்க்லேர்ந்து மளிகைக்கடை வரைக்கும் அரசாங்கம் எடுத்துக்கிச்சு. சிங்கப்பூர மட்டும் காட்டுறது லாட்டரி அடிச்ச ஒரே ஒருத்தனக் காட்டி எல்லாரும் சீட்டு வாங்குங்கன்னு சொல்றதுதான். நே வின், பிலிப்பைன்ஸ் மார்க்கோஸ், கம்போடியா போல் பாட், எல்லாரையும் சேத்து எண்ணச் சொல்லுங்க.

அதுக்காக எதிர்ல இருக்குறவங்க கிட்ட உண்மையே இல்லன்னு பேசாதீங்க. தென் கொரியாவும் தைவானும் பட்டாள ஆட்சி, அவசர சட்டத்துக்குக் கீழ தான் வேகமா வளர்ந்துச்சு, சீனா 1978க்கு அப்புறம் கோடிக்கணக்கான ஜனங்கள வறுமையிலேர்ந்து தூக்கி விட்டுச்சு, இதெல்லாம் நிஜம், ஒத்துக்கிடணும். ஆனா கதைய பாதியில நிறுத்த விடாதீங்க. கொரியாவுல 1987ல ஜனங்க ரோட்டுக்கு வந்து நேரடித் தேர்தல வாங்குனாங்க, அப்ப ஒரு ஆளுக்கு வருஷ வருமானம் மூவாயிரத்துச் சொச்சம் டாலர், இப்ப 30,000த்தத் தாண்டியாச்சு. ஓட்டு வந்ததால ஊரு கெட்டுப் போகல. 1994ல லீ குவான் யூ ஆசியப் பண்பாடு வேறன்னு சொன்னப்ப அதே வருஷம் பதில் எழுதுனவர் கொரியாவோட அரசியல் தலைவர் கிம் டே ஜுங், சாவு தண்டனை வரைக்கும் போய் வந்த மனுஷன், மோசமான ராஜாவ எறக்கலாம்னு சீனாவோட பழைய ஞானி மென்சியஸ் அந்தக் காலத்துலயே சொல்லியிருக்காருன்னு எடுத்துக் காட்டுனார். பின்னால அவரே ஜனாதிபதி ஆனார். 2024 டிசம்பர்ல அங்க ஒரு ஜனாதிபதி திடீர்னு ராணுவச் சட்டம் போட்டப்ப எம்பிங்க சுவர் ஏறிக் குதிச்சு உள்ள போய் ஓட்டுப் போட்டு ஒரு ராத்திரிக்குள்ள அத ரத்து பண்ணுனாங்க. நான் அதப் பாத்துட்டு ரொம்ப நேரம் தூங்கல.

எந்தப் பக்கம் பேச்சு போனாலும் இந்த ஒரு கேள்விக்குத் திரும்பி வாங்க: ஆள்றவர் தப்பு பண்ணினா யாரு நிறுத்துவாங்க, எத்தன நாள்ல? வளர்ச்சிக் கணக்க விட இதுதான் எனக்குப் பெருசா தெரியுது. இங்க 1987 செப்டம்பர்ல 25, 35, 75 சாட் நோட்டு செல்லாதுன்னு ஒரே நாள்ல சொன்னாங்க, மாத்திக் குடுக்கவும் இல்ல, அப்புறம் 45, 90ன்னு ஒன்பதால வகுபடுற நோட்டா அடிச்சாங்க. பொழக்கத்துல இருந்த பணத்துல பாதிக்கு மேல காகிதமாச்சு. அத நிறுத்த ஒரு பேப்பர், ஒரு கோர்ட்டு, ஒரு எம்பி கெடையாது. சீனாவுல 1958க்கு அப்புறம் வந்த பஞ்சமும் அப்படித்தான், மூணு வருஷம் கோடிக்கணக்குல செத்தாங்க, மேல இருக்குறவருக்கு உண்மையச் சொல்ல கீழ ஆளில்ல. சின்ன வயசுல மண்டலேல வளந்த பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் இதத்தான் சொன்னார், தேர்தலும் சுதந்திரமான பேப்பரும் உள்ள நாட்டுல பெரும் பஞ்சம் வந்ததில்லன்னு. இந்தியாவுல 1975ல எமர்ஜென்சி போட்ட இந்திரா காந்திய 77லயே ஏழைஜனங்க ஓட்டுப் போட்டு எறக்குனாங்க.

நம்ம ஆளுங்க கிட்ட பேசும்போது விட்டுடக்கூடாத ஒண்ணு இருக்கு. நாம சிறுபான்மை. பெரும்பான்மை ஓட்டு மட்டும் நம்மளக் காப்பாத்தாது. இலங்கையில 1956ல சிங்களம் மட்டும்னு சட்டம் வந்தது தேர்ந்தெடுத்த நாடாளுமன்றத்துலதான், இங்க 2017ல ரோஹிங்யாக்காரங்க லட்சக்கணக்குல ஓடுனப்ப ஓட்டு வாங்கி வந்த அரசாங்கம் இருந்துச்சு. ஆனா 1982 குடியுரிமைச் சட்டம், ரோஸ் நீலம் பச்சைன்னு கார்டப் பிரிச்சது, யாரையும் கேக்காத ஆட்சி போட்டது. அதனால ஓட்டோட சேத்து, எத்தன பேரு கை தூக்குனாலும் பறிக்க முடியாத உரிமையும் வேணும்னு கேளுங்க.

பேச்சு சூடாச்சுன்னா ஒரு டம்ளர் டீய பெரியப்பாவுக்கு ஊத்திக் குடுங்க. அவருக்கு பயம் இருக்கு, சுதந்திரம் வந்த கையோட உள்நாட்டுச் சண்ட வந்தத அவங்க வீட்டுல சொல்லிச் சொல்லி வளத்திருப்பாங்க, அந்த பயத்த மட்டம் தட்டாதீங்க. அப்புறம் கடைங்கள அரசாங்கம் எடுத்துக்கிட்டு நம்மாளுங்க ஊர விட்டுப் போன 1964ஐப் பத்திச் சொல்லச் சொல்லுங்க. கடைய எப்ப எடுத்தாங்க, கப்பல்ல யாரு யாரு ஏறுனாங்க, நகை நட்டு என்னாச்சு, மெட்ராஸ் போனவங்க பர்மா பஜார்ல எப்படி பொழச்சாங்கன்னு. சொல்லும்போது குறுக்க பேசாதீங்க, ஒரு நோட்டுல எழுதிக்கிட்டே வாங்க. "அப்ப யாரு கிட்ட போய் மொறையிட்டீங்க பெரியப்பா?"ன்னு ஒரே ஒரு தடவ கேளுங்க, அவர் பதில் சொல்ற வரைக்கும் காத்திருங்க.