பின்ன அடுக்கு: கால்குலேட்டரை ஓரமாக வைத்துவிட்டு ஆரம்பிப்போம்

செந்தூலில் என் வீட்டு முன்கூடத்தில் சனிக்கிழமைதோறும் கூடுதல் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். படிவம் 4 பிள்ளைகளிடம் 8^(2/3) எவ்வளவு என்று கேட்டால், அடைப்புக்குறி போடாமல் 8^2÷3 என்று தட்டிவிட்டு 21.33 என்று எழுதிவிடுகிறார்கள். விடை 4. எப்படி என்று பார்ப்போம். ^ குறிக்குப் பின்னால் வருவது அடுக்கு. க, ம இரண்டும் நேர்மறை எண்கள்.

முதலில், 1/2 என்ற அடுக்குக்கு என்ன பொருள்? க^2 × க^3 = க^5 என்று உங்களுக்குத் தெரியும்; அடிமானம் ஒன்றாக இருந்தால் அடுக்குகளைக் கூட்டுவோம். அதே விதிப்படி 9^(1/2) × 9^(1/2) = 9^1 = 9. எந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் 9 வரும்? 3. ஆக, 1/2 என்றால் வர்க்கமூலம். 8^(1/3)ஐ மூன்று முறை பெருக்கிப் பாருங்கள், 1/3 ஏன் கனமூலம் என்பது தானே புரியும். இதை மனப்பாடம் செய்யச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ஒரு தடவை கைப்பட எழுதிப் பாருங்கள், போதும்.

சரி, 2/3? கீழே உள்ள பகுதி எண் மூலத்தைச் சொல்கிறது, மேலே உள்ள தொகுதி எண் அடுக்கைச் சொல்கிறது. 8க்குக் கனமூலம் 2, அதன் வர்க்கம் 4. எதை முதலில் செய்தாலும் விடை மாறாது. ஆனாலும் மூலத்தை முதலில் எடுங்கள். 16^(3/4)இல் 16^3 போட்டால் 4096 வந்து நிற்கும்; நான்காம் மூலம் எடுத்தால் 2, அப்புறம் 2^3 = 8. அடுக்கில் கழித்தல் குறி இருந்தால் தலைகீழ்: 16^(−3/4) = 1/8.

இப்போது ஒரு முழுக் கணக்கு: (27க^2)^(2/3) × √க ÷ க^(1/3).

அடைப்புக்குறியைப் பிரிக்கும்போது அடுக்கு 27க்கும் சேர வேண்டும். பலர் அதை மறந்து 27ஐ அப்படியே விட்டுவிடுவார்கள். 27^(2/3) = 9; (க^2)^(2/3) = க^(4/3). √கவை உடனே க^(1/2) என்று மாற்றுங்கள். மூலக்குறிக்குப் பதில் இப்படி எழுதுவதை நியூட்டனே 1676இல் ஒரு கடிதத்தில் விளக்கியிருக்கிறார். மிச்சம் இருப்பது 4/3 + 1/2 − 1/3. உண்மையில் பிள்ளைகள் தடுக்கி விழுவது இங்கேதான். அடுக்கில் இல்லை, பின்னக் கூட்டலில். தமிழ்ப்பள்ளியில் படித்த அதே பாடம்தான். பகுதி எண்ணை 6 ஆக்கினால் 8/6 + 3/6 − 2/6 = 9/6 = 3/2.

விடை 9க^(3/2).

இன்னொன்று: (க + 9)^(1/2)ஐ √க + 3 என்று பிரிக்கவே கூடாது. க = 16 போட்டுப் பாருங்கள்; ஒரு பக்கம் √25 = 5, மறுபக்கம் 4 + 3 = 7.

இதை நீங்களே செய்து பாருங்கள்: (8க^3ம^6)^(2/3) ÷ க^(1/2). 4க^(3/2)ம^4 வந்தால் சரி. 8க^(3/2)ம^4 வந்தால், 8க்கு அடுக்கைக் கொடுக்க மறந்திருக்கிறீர்கள்.