காப்பகத்தில் ஒரு குழந்தைக்குக் கொப்புளம் கண்டால்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் போன்ற பகுதிகளில் கிரெச் எனப்படும் குழந்தைக் காப்பகம் நடத்துகிறவர்கள், குழந்தையின் உடலில் தடிப்பைக் கண்டதும் அது எந்த இடத்தில் தோன்றியிருக்கிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும். உள்ளங்கை, உள்ளங்கால், வாயின் உட்புறம், சில வேளை பிட்டம் ஆகிய இடங்களில் புண்ணோ கொப்புளமோ இருந்தால், அது பெரும்பாலும் காக்சாக்கி போன்ற வைரஸ்களால் வரும் கை, கால், வாய் நோய். 2025 பிப்ரவரியில் டர்பன் அமைந்துள்ள குவாசுலு-நடால் மாகாணத்தில் பரவியதும் இதுவே. புதிய கொப்புளமும் காய்ந்த பொருக்கும் ஒரே நேரத்தில் உடம்பெங்கும் அரித்தால், அது சின்னம்மையாக இருக்கலாம்.

காய்ச்சல், இருமல், சிவந்த கண்கள் ஆகியவற்றுக்குப் பின் முகத்தில் தொடங்கிய தடிப்பு கீழே இறங்கினால், தட்டம்மை என்றே ஐயப்பட வேண்டும். கிளினிக்குக்கு முன்கூட்டியே தொலைபேசியில் தெரிவித்துவிட்டு அன்றே அனுப்புங்கள். தென்னாப்பிரிக்காவில் அது உடனடியாக அறிவிக்கப்பட வேண்டிய நோய். மற்றக் குழந்தைகளின் 'ரோடு டு ஹெல்த்' கையேடுகளில் 6, 12 மாதத் தட்டம்மைத் தடுப்பூசிகள் பதிவாகியுள்ளனவா என்றும் பாருங்கள். நம் பாட்டிமார் எல்லாத் தடிப்பையும் அம்மை என்றே கூறி, குழந்தையை வீட்டில் வைத்து வேப்பிலை கொண்டு பேணுவார்கள். வீட்டில் ஓய்வு நல்லதுதான். ஆனால் கிளினிக்குக்குப் போவதை அதற்காகத் தள்ளிப்போடக் கூடாது.

கை, கால், வாய் நோயில் பலர் கவனிக்கத் தவறுவது நாப்பி மாற்றும் மேசையைத்தான். கொப்புளம் ஆறிய பின்னும் மலத்தில் வைரஸ் பல வாரங்கள் வெளியேறும். சானிடைசரை மட்டும் நம்பினால் போதாது, ஒவ்வொரு முறையும் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கை கழுவ வேண்டும், குழந்தையின் கையையும் கழுவிவிட வேண்டும். மேசையையும் வாயில் வைக்கும் பொம்மைகளையும் சோப்பால் கழுவிய பிறகு, 3.5 விழுக்காடு ஹைப்போகுளோரைட் உள்ள ஜிக் என்னும் பிளீச் திரவத்தை ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லிலிட்டர் வீதம் அன்றன்றே கலந்து துடைத்து, 10 நிமிடம் விட்டுப் பொம்மைகளை நன்றாக அலசுங்கள்.

கை, கால், வாய் நோயில் காய்ச்சல் நின்று கொப்புளங்கள் காய்ந்ததும் குழந்தை காப்பகத்துக்குத் திரும்பலாம்; சின்னம்மையில் எல்லாக் கொப்புளமும் பொருக்காக வேண்டும்; தட்டம்மையில் தடிப்பு தோன்றியதிலிருந்து 4 நாள் கழிய வேண்டும். வாய்ப்புண் வலிக்குக் குளிர்ந்த மாஸ் (தயிர் போன்ற புளித்த பால்) கொடுக்கலாம், ஆஸ்பிரின் ஒருபோதும் கூடாது. குழந்தை எதையும் குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலோ, திடுக்கிட்டுத் திடுக்கிட்டு விழித்தாலோ, கண்ணாடிக் குவளையால் அழுத்தியும் தடிப்பு மறையாமல் இருந்தாலோ, பெற்றோர் வரும்வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.