திருகோணமலையில் பழைய இசைத்தட்டு தேடுவது எப்படி?

இசைத்தட்டுக்கென்று தனிக்கடை தேடி அலைய வேண்டாம். தட்டுகள் மற்றச் சாமான்களுக்கு அடியில்தான் கிடக்கும். பழைய தளபாடக் கடை, றேடியோ திருத்தும் கடை, பழைய இரும்பும் பேப்பரும் எடுக்கும் இடம், ஒரு காலத்தில் கலியாண வீட்டுக்கும் கோயில் திருவிழாவுக்கும் ஒலிபெருக்கி கட்டினவர்களின் வீடு. இந்த நாலையும் விடாதீர்கள். பிரதான வீதி, மத்திய வீதி, என்.சி. வீதி மூன்றையும் ஒரு காலைக்குள் நடந்தே முடிக்கலாம். வெள்ளிக்கிழமையைத் தவிருங்கள், ஜும்மாவுக்காக மத்தியானம் பல கடைகள் பூட்டிவிடும்.

1. ஆட்கள்

மூன்று பேர் போதும். ஒருவர் தட்டைப் பார்ப்பார், ஒருவர் எழுதுவார், ஒருவர் விலை கதைப்பார். யாருக்கு எந்தத் தட்டு என்ற கதையைக் கடைக்குள் எடுக்கவே கூடாது. புறப்படமுன் சீட்டுக் குலுக்கி, முதலாவது ஆள் யார் என்று முடிவெடுங்கள். வீட்டுக்கு வந்தபின் அந்த ஒழுங்கில் ஆளுக்கு ஒன்றாக எடுக்கலாம்.

கையில் டோர்ச், மெல்லிய துணி, 13 அங்குலச் சதுரமாக வெட்டிய தடித்த மட்டை நாலு. வாங்கிய தட்டுகளை மட்டைக்கு நடுவில் வைத்து, நிமிர்த்தி மடியில் பிடித்துக்கொண்டு வாருங்கள். வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் விட்டால் அரை மணித்தியாலத்தில் வளைந்துவிடும்.

2. கேட்கும் விதம்

"இசைத்தட்டு" என்றால் சிடியை எடுத்து நீட்டுவார்கள். "அண்ணை, ரெக்கோட் பிளேயரில போடுற பழைய தட்டு ஏதும் கிடக்கா?" என்று கேளுங்கள். முஸ்லிம் கடையில் "நானா". சிங்களக் கடையில் "பரண தெட்டி" என்றால் விளங்கும். இல்லை என்றாலும் உடனே இறங்கிவிடாதீர்கள். மூலையில் வால்வ் றேடியோவோ பிளேயரோ கிடந்தால், அது வந்த வீட்டில் தட்டும் இருந்ததா என்று கேட்டுப் பாருங்கள்.

3. அரக்கா, வினைலா?

புதியவர்கள் பிழைவிடுவது இந்த இடத்தில்தான், அதனால் ஆறுதலாகப் பாருங்கள். நிமிடத்துக்கு 78 தரம் சுற்றும் தட்டு பெரும்பாலும் 10 அங்குலம், பக்கத்துக்கு ஏறக்குறைய 3 நிமிடம். அது அரக்கில் செய்தது. நிமிடத்துக்கு 33⅓ தரம் சுற்றும், நீண்ட நேரம் ஓடும் எல்பி 1948இலும், 7 அங்குல 45 அடுத்த வருடமும் வந்தன. அவை வினைல் என்ற பிளாஸ்டிக்கில் செய்தவை. ஆனால் இந்தியாவில் 78 தட்டுகள் 1960களின் பிற்பகுதி வரை வெளிவந்தன. எனவே பாட்டின் வயதை வைத்துத் தீர்மானிக்காதீர்கள்.

நடு ஓட்டைக்குள் விரலை விட்டுத் தட்டைத் தொங்கவிட்டு, நகத்தால் விளிம்பில் மெல்லத் தட்டுங்கள். அரக்கு பீங்கான் கோப்பை மாதிரிக் கணீரென்று கேட்கும். வினைல் மந்தமாக "டொக்" என்னும். மண்சட்டி வாங்கும்போது தட்டிப் பார்ப்பதுபோல இதிலும் வெடிப்புத் தெரியும். அரக்குத் தட்டு கரகரத்தால் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு உண்டு, வைத்துவிடுங்கள்.

4. டோர்ச் வெளிச்சத்தில்

கடையின் டியூப் லைட்டுக்கு நேரே பிடித்தால் எல்லாத் தட்டும் பளபளக்கும். டோர்ச்சைத் தட்டுக்குப் பக்கவாட்டில், கிட்டத்தட்டப் படுக்கையாகப் பிடித்துத் தட்டைச் சுற்றுங்கள். குறுக்குக் கீறலில் நகம் தடுக்கினால் ஊசியும் தடுக்கும், ஒவ்வொரு சுற்றிலும் "டிக்" கேட்கும். ஊசி ஓடும் வரியோடு சேர்ந்து ஓடும் கீறல் அதைவிட மோசம். ஊசி அதிலேயே மாட்டிக்கொண்டு ஒரே சொல்லைத் திருப்பித் திருப்பிப் பாடும்.

கீறலே இல்லாமல், கறுப்பு மங்கிச் சாம்பல் நிறம் பிடித்திருந்தால் இன்னும் கவனம். பாரமான ஊசியால் ஆயிரம் தரம் போட்டு வரியின் சுவர் தேய்ந்துபோன தட்டு அது. ஒலிபெருக்கிக்காரரின் பெட்டியில் இதுதான் அதிகம். எவ்வளவு கழுவினாலும் இரைச்சல் போகாது. நடு ஓட்டையைச் சுற்றி லேபலில் சிலந்தி வலை மாதிரி மெல்லிய கோடுகள் தெரிகிறதா என்றும் பாருங்கள். பிளேயரின் நடுக் கம்பியைத் தேடித் தேடித் தட்டை வைத்த தடம் அது. கோடுகள் கூடினால் ஓடியதும் கூட.

பிறகு கண் மட்டத்தில் பிடித்து ஒரு சுற்று: வளைவு தெரியும். கடைசியாக, உறையில் உள்ள பெயரும் லேபலில் உள்ள பெயரும் ஒன்றா என்று வாசியுங்கள். மாறிக் கிடப்பது சர்வசாதாரணம்.

5. கழுவுதல்

அரக்குத் தட்டில் ஸ்பிரிட் ஒரு சொட்டும் படக்கூடாது. தச்சர்கள் பொலிஷ் போட அரக்கைக் கரைப்பதே ஸ்பிரிட்டில்தான். தட்டிலும் அதுவே நடக்கும்: துணி கறுக்கும், வரி அழியும், திரும்பி வராது.

காய்ச்சி வடித்த தண்ணீர் 1 லீற்றர், நிறமில்லாத பாத்திரம் கழுவும் திரவம் 3 சொட்டு. இது இரண்டு வகைக்கும் பொருந்தும். வினைலில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் மட்டும் ஐந்தில் ஒரு பங்கு ஐசோபுரோப்பைல் அற்ககோல் சேர்க்கலாம். 1 அங்குல மென்மயிர்த் தூரிகையால் வரி போகும் திசையிலேயே தடவி, வெறும் வடித்த தண்ணீரால் அலசி, கோப்பைத் தட்டில் நிமிர்த்திக் காயவிடுங்கள். லேபல் நனையக்கூடாது. கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், உப்பும் சுண்ணாம்பும் காய்ந்து வரிக்குள் வெள்ளையாக நிற்கும். 2004 கடல்கோளில் நனைந்த தட்டு கிடைத்தால் உலர்ந்த துணியால் துடைக்காமல் முதலில் அலசுங்கள். உப்புப் பரல் மண்ணைப்போல உரசும்.

6. போட்டுக் கேட்க

78க்கு 3 மில் ஊசி (மில் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), எல்பிக்கு ஏறக்குறைய 0.7 மில். எல்பி ஊசியை 78இல் வைத்தால் அது வரியின் அடியில் கிடந்து குப்பையைத்தான் வாசிக்கும். சாவி கொடுக்கும் கிராமபோனில் எல்பியைப் போடவே வேண்டாம், ஒரே ஓட்டத்தில் வரியை உழுதுவிடும். சூட்கேஸ் பிளேயரை நாங்கள் சிபாரிசு செய்வதில்லை. அதில் ஊசியின் பாரத்தைக் கூட்டிக் குறைக்க வழியில்லை. எல்பிக்கு 1.5 முதல் 3 கிராம் போதும். மூன்று வேகமும் வேண்டுமென்றால் ஓடியோ-டெக்னிக்கா எல்பி120 என்ற பிளேயர் நல்லது. டெக்னிக்ஸ் 1200 எம்கே2 அருமையான இயந்திரம், ஆனால் அதில் 78 இல்லை.

பின்னர் சேர்த்தது

"வடித்த தண்ணீர் எங்கே வாங்குவது?" என்பதுதான் கூடுதலாக வரும் கேள்வி. மோட்டார் உதிரிப்பாகக் கடையில் பற்றரித் தண்ணீர் என்று கேளுங்கள். அசிட் கலந்த போத்தலும் அதே தட்டில் நிற்கும், லேபலை வாசித்து எடுங்கள்.

கழுவிய தட்டை மெத்தென்ற பழைய பிவிசி உறைக்குள் திரும்பப் போடாதீர்கள். எங்கள் வெக்கையில் அது கசிந்து வினைலில் பனிமூட்டம் மாதிரிப் படியும், அந்த மூட்டம் போகாது. புதுக் கடதாசி உறையோ பொலித்தீன் உறையோ போட்டு, நிமிர்த்தி அடுக்குங்கள். ஐப்பசியில் மழை தொடங்கியதும் சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி வைத்து, கிழமைக்கு ஒருதரம் பூஞ்சணம் பிடிக்கிறதா என்று பாருங்கள்.